பெரிய பெயர் இல்லாத பல்கலைக்கழகத்திலிருந்து கன்சல்டிங் வேலைக்கு: டர்பன் மாணவர் எந்தத் தயாரிப்புச் சேவைக்குக் காசு கொடுக்கலாம்?

க்வாசுலு-நடால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யுனிசா. இந்த மூன்றில் ஒன்றில் படித்துவிட்டு ஜோஹானஸ்பர்க்கில் உள்ள மெக்கின்சி, பிசிஜி போன்ற கன்சல்டிங் (மற்ற நிறுவனங்களுக்கு வணிக ஆலோசனை சொல்லும்) நிறுவனங்களில் சேர ஆசைப்படும் பிள்ளைகள் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலமிலும் நிறைய இருக்கிறார்கள். இணையத்தில் தேடத் தொடங்கியதுமே அவர்கள் கண்ணில் படுவது விற்பனைப் பொருள்கள்தான்: வீடியோ பாடம், மணிக்கணக்கில் கோச், மாதிரி நேர்காணல், ஆள் எடுக்க நிறுவனங்கள் வைக்கும் கணினி விளையாட்டுத் தேர்வின் நகல், சி.வி. திருத்தம். விலை பெரும்பாலும் யூரோவிலும் டாலரிலும் இருக்கும். ராண்டில் மாற்றிப் பார்த்தால் பெற்றோருக்குத் தலை சுற்றும்.

இவற்றில் பெரும்பாலானவை நேர்காணல் அழைப்பு ஏற்கெனவே கையில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டவை. கேப் டவுன், விட்ஸ், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா மாணவர்களைத் தேடி நிறுவனங்களே வளாகத்துக்கு வருகின்றன. அவர்களுக்கு அழைப்புக் கிடைப்பது ஓரளவு எளிது, நேர்காணலைத் தாண்டுவதுதான் கஷ்டம். நம் பிள்ளைகளின் சிக்கல் அதற்கு ஒரு படி முன்னாலேயே இருக்கிறது. சி.வி.யை யாராவது நிதானமாகப் படிக்க வேண்டும். அதைத் தீர்க்காமல் கேஸ் (நேர்காணலில் கொடுத்துத் தீர்க்கச் சொல்லும் வணிகச் சிக்கல்) பயிற்சிக்குப் பத்தாயிரம் ராண்ட் செலவழிப்பது வீண். கீழே ஒவ்வொரு சேவையையும் இந்தக் கணக்கில்தான் மதிப்பிட்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படிப்பின் தரத்தைப் பற்றி இங்கே குறை சொல்லவில்லை. டர்பன்-வெஸ்ட்வில், நடால் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களும் 2004-இல் இணைந்து உருவானது இன்றைய க்வாசுலு-நடால். அங்கே பொறியியலும் ஆக்சுவரியல் படிப்பும் கணக்கியலும் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். கன்சல்டிங் நிறுவனங்களின் வளாகப் பட்டியலில் அந்தப் பெயர் அடிக்கடி இல்லை, அவ்வளவுதான்.

சி.வி. திருத்தும் சேவை: முதல் செலவு இதுவாக இருக்கட்டும்

நம் ஊரில் சி.வி. என்றால் நான்கைந்து பக்கம். முதல் பக்கத்தில் அடையாள எண், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, 'கோட் 8' ஓட்டுநர் உரிமம், உடல்நிலை நன்று என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் மூன்று பேருடைய தொலைபேசி எண். வங்கியிலோ மாநகராட்சியிலோ வேலைக்கு இது நடக்கும். கன்சல்டிங்கில் ஒரே பக்கம்தான். படிப்பவர் ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் செலவழித்தாலே அதிகம். அடையாள எண்ணை எடுத்துவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுதாக நடைமுறையில் இருக்கும்போது, கேட்காத இடத்தில் அந்த எண்ணைக் கொடுக்கத் தேவையே இல்லை.

படிப்பு மேலே வர வேண்டும். சராசரி மதிப்பெண்ணைச் சதவீதமாக எழுதுங்கள். டீன் தரும் பாராட்டுச் சான்றிதழ் எந்தெந்தப் பருவத்தில் கிடைத்தது என்பதை அதே வரியில் சேர்க்கலாம். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்ணை மறைக்காதீர்கள். பல்கலைக்கழகப் பெயர் பெரிதாக இல்லாதவருக்கு மெட்ரிக் கணிதத்தில் 85 என்பது நல்ல சாட்சி. கணிதம் வேறு, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் கணித எழுத்தறிவுப் பாடம் வேறு. எது என்பது தெளிவாகத் தெரியட்டும். இன்னொன்று: இங்கே 75 சதவீதம் என்றால் முதல் வகுப்பு. ஜோஹானஸ்பர்க் அலுவலகத்துக்கு அது புரியும். அதே சி.வி. துபாய்க்கோ லண்டனுக்கோ போனால் 75 சாதாரணமாகத் தெரியும். வகுப்பில் எத்தனை பேரில் எத்தனாவது இடம் என்று துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதையும் எழுதுங்கள்.

வேலை அனுபவ வரிகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'கோயில் திருவிழாவில் தொண்டு செய்தேன்' என்று எழுதினால் படிப்பவர் கண் அதில் நிற்காது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'புனித வெள்ளித் திருவிழாவின் மூன்று நாள் அன்னதானத்துக்கு 40 தொண்டர்களுக்கு முறை வைத்து வேலை பிரித்தேன், 6,000 தட்டு பரிமாறப்பட்டது, அரிசியையும் பருப்பையும் மொத்த வியாபாரியிடம் வாங்க ஏற்பாடு செய்ததில் ஒரு தட்டின் செலவு 18 ராண்டிலிருந்து 14 ராண்டாக இறங்கி, மொத்தம் 24,000 ராண்ட் மிஞ்சியது.' எண்கள் உதாரணத்துக்குத்தான், அமைப்பைக் கவனியுங்கள். என்ன செய்தேன், எவ்வளவு பெரிது, என்ன மாறியது. மவுண்ட் எட்ஜ்கோம்பிலோ இசிப்பிங்கோவிலோ மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தை நிர்வகித்த பிள்ளை, மாணவர் சங்கத்தில் பெயருக்குச் செயலாளராக இருந்தவரைவிட அதிகம் செய்திருக்கிறது. அதை எழுதத் தெரியாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்கு நோட்டு இருக்க வேண்டும். நேர்காணலில் தோண்டுவார்கள்.

அப்பாவின் கடையில் வேலை செய்ததையும், வார இறுதியில் மாலில் துணிக்கடையில் நின்றதையும் வெட்கப்பட்டு எடுத்துவிட வேண்டாம். 'வாரம் 20 மணி நேரம் வேலை செய்துகொண்டே 74 சதவீதம்' என்ற ஒரு வரி பெரிய பல்கலைக்கழகப் பெயருக்குக் கிட்டத்தட்ட ஈடு.

சரி, இதற்குக் காசு கொடுக்கலாமா? திருத்துபவர் உண்மையில் கன்சல்டிங் நிறுவனத்தில் இருந்து சி.வி.க்களை வடிகட்டியவர், இரண்டு சுற்றுத் திருத்தம் தருகிறார், உங்கள் வரிகளைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதவைக்கிறார் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். வெறும் வார்ப்புருவை விற்பவருக்கு ஒரு காசும் தேவையில்லை. உங்களைக் கேட்காமலே அழகான வாக்கியமாக மாற்றித்தருபவரும் வேண்டாம். நேர்காணலில் அந்த வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டியவர் நீங்கள். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவசத் திருத்தம் எழுத்துப் பிழைக்கும் வடிவத்துக்கும் போதும், கன்சல்டிங் பாணிக்குப் போதாது.

அவசரப்பட்டு அரைகுறை சி.வி.யை அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் பொதுவாக ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துத்தான் அதே நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க விடுவார்கள்.

லிங்க்ட்இன்: இலவசக் கணக்கே போதும்

கட்டணக் கணக்கு வாங்கச் சொல்லி நிறைய அறிவுரை கிடைக்கும். தேவையில்லை. நிறுவனத்தின் பெயர், ஜோஹானஸ்பர்க், உங்கள் பல்கலைக்கழகம் என்று மூன்றையும் போட்டுத் தேடுங்கள். ஆள் அகப்படாவிட்டால் பழைய பெயர்களில் தேடுங்கள்: 'யுனிவர்சிட்டி ஆஃப் நடால்', 'டர்பன்-வெஸ்ட்வில்', 'எம்.எல். சுல்தான் டெக்னிகான்'. இன்று பங்குதாரர் நிலையில் இருக்கும் வயதுக்காரர்கள் பட்டம் வாங்கியபோது இன்றைய பெயர்கள் பிறக்கவே இல்லை. இந்தப் பழைய பெயர்களில் தேடாமல் விடுகிறவர்கள் தங்களுக்கு உதவக்கூடிய முன்னாள் மாணவர்களையே தவறவிடுகிறார்கள்.

செய்தி மூன்று வரி போதும். நீங்கள் யார், அவருடைய வேலையைப் பற்றி ஒரு குறிப்பான கேள்வி, பதினைந்து நிமிடம் பேச முடியுமா. வேலை கேட்காதீர்கள், சி.வி.யை இணைக்காதீர்கள். நாம் வளர்ந்த முறையில் வயதில் மூத்தவரை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டே பழக்கம். இங்கே அது வேண்டாம். அந்த உலகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பேசி முடித்த அன்றைக்கே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். விண்ணப்பம் திறந்ததும் தெரிவியுங்கள். பரிந்துரை என்பது அவராகவே முன்வந்து செய்வது. பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடலாம். அந்த இரண்டு பேர் போதும்.

இறுதியாண்டு மாணவர் இதையெல்லாம் பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும். அடுத்த ஜனவரியில் வேலைக்குச் சேர்பவர்களுக்கான விண்ணப்பத்தை ஆண்டின் முற்பாதியிலேயே மூடும் நிறுவனங்கள் உண்டு. நவம்பர்த் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

இலவசமாகக் கிடைப்பவை

நிறுவனங்களே தங்கள் தளத்தில் வைத்திருக்கும் மாதிரி கேஸ்கள்தான் சந்தையில் இருப்பதிலேயே சிறந்த பொருள், அதுவும் இலவசம். மெக்கின்சி தளத்தில் டிகான்சா, எலெக்ட்ரோ-லைட், குளோபாஃபார்ம், பியூட்டிஃபை போன்றவை இருக்கும். டிகான்சாவை நம் பிள்ளைகள் முதலில் எடுக்கலாம். மெக்சிகோவில் கிராமத்துக் கடைகள் வழியாக ஏழைகளுக்கு நிதிச் சேவை கொண்டுசேர்ப்பது பற்றியது அது. சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் அரசு உதவித்தொகை வாங்கும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தச் சிக்கல் உடனே பிடிபடும். இந்தக் கேஸ்களில் விடை கேள்விக்குக் கீழேயே இருப்பது ஒரு குறை. படித்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். தாளில் உங்கள் விடையை எழுதி முடிக்கும்வரை கீழே இறங்காதீர்கள்.

மெக்கின்சியில் நேர்காணல் எடுப்பவரே ஒவ்வொரு கேள்வியாகக் கொண்டுபோவார். பிசிஜி, பெய்ன் பாணியில் வழி நடத்த வேண்டியவர் நீங்கள். பெய்ன் தளத்தில் உள்ள காபிக்கடைக் கேஸ் இரண்டாவது வகைக்கு நல்ல தொடக்கம். மாதிரி நேர்காணல் வீடியோவும் அங்கே உண்டு. இரண்டு பாணியிலும் பழகாமல் போனால், கேள்வி வரும் என்று காத்திருந்தே ஐந்து நிமிடம் போய்விடும்.

மெக்கின்சி ஃபார்வர்டு என்ற இலவச இணையப் பயிற்சி ஆப்பிரிக்க இளைஞர்களிடையே நன்கு பரவியிருக்கிறது. சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, தெளிவாகச் சொல்வது, சூழ்நிலைக்கு ஏற்ப மாறுவது ஆகியவற்றைச் சொல்லித்தருகிறது, முடித்ததும் டிஜிட்டல் சான்று தருகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு மிகவும் பயனுள்ளது. வேலைக்கு வாசல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சி.வி.யில் 'பணி அனுபவம்: மெக்கின்சி' என்று இதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பார்த்த கணமே தாள் ஓரத்துக்குப் போய்விடும். பயிற்சிகள் என்ற தலைப்பில் ஒரு வரி போதும். ஃபோரேஜ் தளத்தில் உள்ள பிசிஜி மாதிரி வேலைப் பயிற்சிகளுக்கும் இதே விதிதான்.

அமெரிக்க வணிகப் பள்ளி மாணவர் மன்றங்களின் கேஸ் தொகுப்புகள் நூற்றுக்கணக்கான பக்கம் இலவசமாகச் சுற்றுகின்றன. தரம் ஏறி இறங்கும். பேஸ்பால் மைதான வருமானம், அமெரிக்க மருத்துவக் காப்பீடு என்று வரும் கேஸ்களைத் தள்ளிவிடலாம். இந்திய ஐ.ஐ.எம். தொகுப்புகளில் உத்தேசக் கணக்குகள் நிறைய உண்டு, நல்ல பயிற்சி. லட்சம், கோடியில் நினைத்துப் பழகியவர்கள், முக்கியமாகத் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே படிப்பவர்கள், மில்லியனுக்கு மாறும்போது ஒரு சுழியைத் தொலைக்கிறார்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன் என்பது தாளில் தெரியும், வேகமாகப் பேசும்போது நழுவும். தொடக்கத்திலிருந்தே மில்லியனில் மட்டும் போடுங்கள்.

கூட்டாளி தேடும் தளங்கள்

கேஸ் பயிற்சி என்பது இரண்டு பேர் வேலை. தனியாக நூறு கேஸ் படிப்பதைவிட எதிரே ஆள் வைத்து முப்பது செய்வது மேல். கேப் டவுனில் மாணவர் மன்றமே கூட்டாளியைத் தேடித்தரும். க்வாசுலு-நடாலின் வெஸ்ட்வில் வளாகத்தில் அதே இலக்கோடு இன்னொருவரைக் கண்டுபிடிப்பதே பாடு. அதனால் பிரெப்லவுஞ்ச் மாதிரி தளங்கள் நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் பயன்படும். நேரம் குறித்து, முன்பின் தெரியாத ஒருவரோடு வீடியோவில் மாறி மாறி நேர்காணல் செய்யலாம். இலவசக் கணக்கிலேயே தொடங்கிவிடலாம். கட்டணக் கணக்குக்கு அழைப்பு வந்தபின் ஒரு மாதம் மட்டும் பணம் கட்டினால் போதும்.

நேரக் கணக்கு நமக்குச் சாதகம். ஐரோப்பாவின் கோடைக் காலத்தில் ஜெர்மனிக்கும் டர்பனுக்கும் ஒரே நேரம். இந்தியா நமக்கு மூன்றரை மணி முன்னால். இங்கே மாலை ஐந்தரை என்றால் சென்னையில் இரவு ஒன்பது. இந்தியக் கூட்டாளிகள் கணக்கில் வேகம், நம்மவர்களுக்கு அது நல்ல உரைகல். முதல் தடவையிலேயே ஒருவரைப் பற்றி முடிவு செய்யலாம்: உங்கள் விடையைக் கேட்டுவிட்டு 'நல்லா இருந்தது' என்று மட்டும் சொன்னால் அடுத்த முறை அவர் வேண்டாம். எந்த இடத்தில் தனக்குப் புரியாமல் போனது, எந்த எண்ணைத் தான் நம்பவில்லை என்று சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேகமாகப் பேசும் டர்பன் பழக்கத்தையும் இந்தக் கூட்டாளிகள்தான் சரிசெய்வார்கள். வீட்டில் பேசும் ஆங்கிலத்தின் வேகத்தில் கணக்கைச் சொன்னால் எதிரே இருப்பவரால் பின்தொடர முடியாது. ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் ஒரு மூச்சு விடுங்கள்.

உள்ளூர்ச் சரக்கில் ஒரு கேஸ்

காசு கொடுத்து வாங்கும் எந்தத் தொகுப்பிலும் வடக்குக் கடற்கரைச் சர்க்கரை ஆலை வராது. ஆனால் டோங்காட், ஸ்டேங்கர் பக்கத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பழக்கமான தொழில் எது? கூட்டாளிக்குக் கொடுத்து இதைச் செய்து பாருங்கள்: ஒரு சர்க்கரை ஆலையின் லாபம் இரண்டே ஆண்டில் பாதியாகிவிட்டது, ஏன், என்ன செய்யலாம்?

வருமானம், செலவு என்று இரண்டு கட்டம் போட்டு உட்காருவது எல்லோரும் செய்வது. ஆலையைத் தெரிந்தவர் கரும்பிலிருந்து தொடங்குவார். எவ்வளவு கரும்பு வந்தது. வந்ததில் சர்க்கரைச் சத்து எவ்வளவு. அதிலிருந்து ஆலை எவ்வளவு எடுத்தது. எடுத்ததை எந்த விலைக்கு, உள்நாட்டிலா ஏற்றுமதியிலா விற்றது. இந்த நான்கில் எது சரிந்தது என்று கேட்டால் நேர்காணல் எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார். உள்நாட்டுத் தேவை பக்கம் போனால் 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வந்த வரியைச் சொல்லலாம், மலிவான இறக்குமதியையும் சொல்லலாம்.

அடுத்து கணக்கு. ஆலை மணிக்கு 300 டன் கரும்பு அரைக்கிறது, பருவம் 250 நாள், ஓடும் நேரம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பெருக்கல் 24 என்றால் நாளைக்கு 7,200 டன். 250 நாளுக்கு 1.8 மில்லியன். அதில் 85 சதவீதம் 1.53 மில்லியன் டன் கரும்பு. ஒன்பது டன் கரும்புக்கு ஒரு டன் சர்க்கரை என்றால் 170,000 டன் சர்க்கரை. நிலையான செலவு ஆண்டுக்கு 600 மில்லியன் ராண்ட் என்று கொடுத்தால், டன்னுக்குச் சுமார் 3,530 ராண்ட். இப்போது கரும்பு வரத்து பத்து சதவீதம் குறைகிறது. சர்க்கரை 153,000 டன். அதே 600 மில்லியன் இப்போது டன்னுக்கு 3,920. ஒவ்வொரு டன்னிலும் கிட்டத்தட்ட 390 ராண்ட் கூடுதல் சுமை.

இங்கே பலர் எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சியில் திருத்த வேண்டிய இடம் இதுதான். எண்ணுக்குப் பின்னால் ஒரு வரி வர வேண்டும்: 'ஆலையின் செலவில் பெரும்பகுதி நிலையானது என்பதால், ஆட்குறைப்பைவிடக் கரும்பு வரத்தைத் திரும்பக் கொண்டுவருவது முக்கியம், விவசாயி ஏன் வேறு ஆலைக்குப் போனார், ஏன் மக்கடேமியா போட்டார் என்று முதலில் பார்ப்பேன்.' மக்கடேமியா என்று ஒரு சொல் வந்ததுமே, இந்தப் பிள்ளைக்கு நிலம் தெரியும் என்பது புரிந்துவிடும். துறைமுகம், ப்ராஸ்பெக்டன் கார் ஆலை, மினிபஸ் டாக்ஸி என்று இதே மாதிரி ஐந்தாறு உள்ளூர்க் கேஸ்களை நீங்களே எழுதி வையுங்கள்.

கோச்

முன்னாள் கன்சல்டன்ட் ஒருவரோடு ஒரு மணி நேரம் என்பது நூறு யூரோவுக்கு மேலேயே போகும், அனுபவசாலி என்றால் பல மடங்கு. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரப் பொதியாக வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். அந்தப் பொதி வேண்டாம். இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரம் போதும். கூட்டாளிகளோடு பத்துப் பன்னிரண்டு கேஸ் செய்தபின் முதல் மணி, நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்னால் கடைசி மணி. ஒன்றுமே செய்யாமல் கோச்சிடம் போனால், இலவசமாகத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய அடிப்படையை விலை கொடுத்துக் கேட்பீர்கள். எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டு வரை இருந்தார், தானே நேர்காணல் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். மழுப்பினால் விடுங்கள்.

கோச்சிடம் கேஸைவிட அதிகம் வாங்க வேண்டியது சொந்த அனுபவக் கேள்விக்கான பயிற்சி. மெக்கின்சி நேர்காணலில் ஒரே சம்பவத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் துருவுவார்கள். அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள். நம் வீடுகளில் தன்னை முன்னிறுத்திப் பேசுவது மரியாதையாகாது என்று வளர்க்கிறார்கள். அதனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் 'நாங்கள் செய்தோம்' என்கிறார்கள். கேட்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்றே தெரியாமல் போகிறது. அன்னதானத்தில் கமிட்டிப் பெரியவர் மொத்த வியாபாரியை மாற்ற மறுத்தார் என்றால், அவரை எப்படிச் சம்மதிக்கவைத்தீர்கள் என்பதுதான் கதை. மனஸ்தாபம் இல்லாத சம்பவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் துருவ ஒன்றும் இருக்காது.

தேர்வு விளையாட்டு நகல்கள்

நேர்காணலுக்கு முன் வடிகட்ட வைக்கும் கணினித் தேர்வுகள் இவை: மெக்கின்சியின் சால்வ், பிசிஜியின் கேசி சாட்பாட். இரண்டுக்கும் நகல் விற்கிறார்கள். அழைப்பு வரும்முன் வாங்காதீர்கள். சால்வில் விளையாட்டுகள் அவ்வப்போது மாறுகின்றன, பழைய நகல் குப்பைக்குத்தான் போகும். அழைப்பு வந்தபின் எந்த விளையாட்டு என்று பார்த்து, அதற்கு மட்டும் ஒருமுறை பழகினால் நேரப் பதற்றம் குறையும். கேசி ஏறக்குறைய அரைமணி நேரக் கேஸ்; கடைசியில் உங்கள் பரிந்துரையைக் கேமரா முன் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கைபேசியில் உங்களையே படம் பிடித்துப் பார்த்தால் போதும், காசு வேண்டாம்.

தேர்வு நாளில் நகலைவிட முக்கியம் மின்சாரம். 2023 போல நாள்தோறும் மின்வெட்டு இல்லை என்றாலும் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் ஓயவில்லை. கைபேசியில் எழுத முயலாமல் மடிக்கணினியில் எழுதுங்கள், முழு சார்ஜில் வையுங்கள். ரூட்டருக்குச் சின்ன பேட்டரியும், வேறு நிறுவனத்தின் சிம்மில் டேட்டாவும் தயாராக இருக்கட்டும். வீட்டில் வசதி இல்லை என்றால் வளாக நூலகத்தில் தனி அறை முன்பதிவு செய்யுங்கள்.

நேர்வழி அடைபட்டால்

பக்கவழிகளில் மிக உறுதியானது கணக்காளர் வழி. க்வாசுலு-நடாலில் கணக்கியல் பட்டமும் அதன்மேல் முதுநிலை டிப்ளமாவும் முடித்து, டர்பனிலேயே பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் மூன்றாண்டு பயிற்சி, இரண்டு தொழில்முறைத் தேர்வு. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் பட்டம் கையில் வந்தபின் பல்கலைக்கழகப் பெயரை யாரும் கேட்பதில்லை. நீண்ட வழி, ஆனால் நடுவில் சம்பளம் உண்டு. இன்னொன்று, பட்டம் வாங்கியபின் கேப் டவுனிலோ விட்ஸிலோ ஓராண்டு ஆனர்ஸ். அங்கே சேர்ந்ததும் வளாக நிகழ்ச்சிகளின் கதவு திறக்கும். டிப்ளமா முடித்தவர் நேரடியாக ஆனர்ஸுக்குப் போக முடியாது. தென்னாப்பிரிக்காவின் தேசியத் தகுதிப் படிகளில் டிப்ளமா 6-ஆம் படி; அதிலிருந்து மேம்பட்ட டிப்ளமா வழியாக 7-க்கு ஏறி, பிறகுதான் ஆனர்ஸ் இருக்கும் 8. முழுநேரம் படித்தால் இரண்டு ஆண்டு கணக்கில் வையுங்கள்.

டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், ஆக்சென்ச்சர் ஆகியவற்றின் ஆலோசனைப் பிரிவுகளுக்கும், ஜெனிசிஸ் அனலிட்டிக்ஸ், லெட்சேமா போன்ற உள்ளூர் நிறுவனங்களுக்கும் விண்ணப்பியுங்கள். இவற்றுக்கென்று தனிப் பயிற்சிப் பொதி விற்கிறவரிடம் வாங்க வேண்டாம், மேலே சொன்ன அதே பயிற்சி போதும்.

விண்ணப்பப் படிவத்தில் இன வகை கேட்பார்கள். 2003-ஆம் ஆண்டின் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற வரையறைக்குள் இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கக் குடிமக்களும் வருகிறார்கள். 1994 ஏப்ரல் 27-க்குப் பின் குடியுரிமை பெற்றவர்கள் பொதுவாக அதில் அடங்க மாட்டார்கள். உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். வேலை விசா தேவைப்பட்டால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கேள்வியைப் பெற்றோர் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான்: அரசுப் பணத்தைச் சுருட்டிய காலத்தில் இந்த நிறுவனங்களின் பெயர் அடிபட்டதே? ஆமாம். வரித்துறை விவகாரத்தில் பெய்ன் 2022-இல் பத்தாண்டு அரசு டெண்டர் தடை பெற்றது. ட்ரான்ஸ்நெட், எஸ்காம் விவகாரத்தில் மெக்கின்சியின் ஆப்பிரிக்கப் பிரிவு 2024 டிசம்பரில் 122 மில்லியன் டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது. நேர்காணல் முடிவில் 'கேள்வி உண்டா' என்பார்கள். அதன்பின் வேலையை ஏற்கும் முறையில் என்ன மாற்றினீர்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதை வைத்து, அங்கே சேரலாமா என்று நீங்களும் முடிவு செய்யலாம்.

பணம் கட்டும்முன்

'வேலை உறுதி, முன்பணம் மட்டும்' என்று வருகிறவரிடம் பேச்சே வேண்டாம். வேலை தேடுபவரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடைசெய்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கலாம், வேலை வாங்கித்தருவதற்கு வாங்கக் கூடாது. இரண்டையும் ஒரே பில்லில் கலப்பவர்கள்தான் ஆபத்து.

இணையத்தில் வாங்கிய சேவையை ஏழு நாளுக்குள் ரத்து செய்ய 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் சம்மதத்தோடு அதற்குள் சேவை தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். பணம் கட்டிய அன்றே முதல் வகுப்பை வைக்கச் சொல்லி அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் நம் சட்டத்தைக் காட்டிப் பணம் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது. மாதிரிப் பாடம், ரத்து விதி இரண்டையும் முதலில் படியுங்கள், விதிப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஆண்டுச் சந்தாவை விட்டு மாதச் சந்தாவாக எடுங்கள்; தானாகப் புதுப்பிக்கும் வசதியை வாங்கிய கையோடு நிறுத்திவிடுங்கள்.